சிலுப்பிக்குச் சொன்ன மறுசொல்

என் வயதொத்தவர்களே, உங்கள் மேல் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது. அறுபதாம் கல்யாணம், பேத்தியின் வளைகாப்பு, இழவு வீடு என்று எங்கே நாம் கூடினாலும் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறீர்கள். "நம்ம திண்டுக்கல் பொம்மைக ரெண்டும் சினிமாவுல வந்துச்சே, ஞாபகம் இருக்கா? என்னா சிரிப்பு, என்னா பாட்டு!" உடனே பக்கத்து நாற்காலிக்காரர் அந்தப் பாட்டை முனக ஆரம்பிக்கிறார். பாயசம் சாப்பிட்ட வாயோடு எல்லோரும் தலையாட்டுகிறீர்கள். எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல இருக்கிறது. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கிறேன். இனிமேல் முடியாது.

முதலில், அவை பொம்மைகள் இல்லை, பாவைகள். ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குச் சுரண்டி, சின்ன உளியால் துளை போட்டுச் சாயம் பூசிய தோல்பாவைகள். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் விளக்கை வைத்து, நடுவில் பாவையை ஆட்டுவார்கள். ராமாயணம் நடக்கும்போது இடையிடையே ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து சண்டை போட்டுவிட்டுப் போவார்கள். புருஷன் பெயர் தொந்தியப்பு. பெண்டாட்டி சிலுப்பி. அவள் கழுத்தை மட்டும் தனித்துண்டாக வெட்டி நூலால் கோத்திருந்ததால் ஒவ்வொரு வார்த்தைக்கு முன்னும் தலையை ஒரு சிலுப்பு சிலுப்புவாள். தொந்தியப்புக்குக் குரல் கொடுத்தவர் என் மாமா. சிலுப்பிக்குக் குரல் அவர் மனைவி, என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. கரகரவென்று தொடங்கி, கடைசிச் சொல்லில் சுருக்கென்று மேலே ஏறும் குரல் அது. சிவப்புச் சேலைக்காரியான சிலுப்பிக்கு அதைத் தவிர வேறு குரல் பொருந்தியிருக்காது.

ராமர் பட்டாபிஷேகத்துக்காக யாரும் வரவில்லை என்று நான் அடித்துச் சொல்வேன். வந்தது சிலுப்பியிடம் திட்டு வாங்க. கூட்டத்தில் யாரையாவது பிடித்துக்கொண்டு கேலி பேசுவாள். கேலிக்கு ஆளானவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு மறுசொல் என்று பெயர். மறுசொல் வரும்வரை சிலுப்பி அடுத்த வார்த்தை பேசக்கூடாது. மிருதங்கம்கூட அடங்கிவிடும். பதில் வந்ததும் "தோத்தேன் அப்பு" என்று சிலுப்பி குனிந்து கும்பிட வேண்டும். பதிலுக்குப் பதில் பேசக்கூடாது. கடைசி வார்த்தை எப்போதும் தரையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான்.

"அது இல்லைன்னா நாம திரைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு ஊரத் திட்டுற பயந்தாங்கொள்ளிக தான?" என்பாள் அத்தை.

எரியோடு ஊரில் ஒருவர் புதுச் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிலுப்பி விடுவாளா? "ஏலே அப்பு, செருப்பு ஒனக்கா, நீ செருப்புக்கா?" என்றாள். அந்த மனிதர் எழுந்து, "ஓம் புருசனுக்குப் பயந்துதான் தாயி. அவரு தொந்திக்குக் கீழ இருக்கது அவருக்கே தெரியாது. மிதிச்சுப்புடுவாருல்ல?" என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பில் திரையே ஆடியது. பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டியில் ஒரு அம்மாளை, சீதையை ராவணன் தூக்கிக்கொண்டு போகும்போது தூங்கிவிட்டதாகச் சிலுப்பி கேலி செய்தாள். "ஏனுங்க சிலுப்பி, அது தெரிஞ்ச கதை தானுங்களே. உங்க சண்டை வந்தா எழுப்பிவிடச் சொல்லிப்போட்டுத் தானுங்க தூங்குனேன்" என்று பதில் வந்தது. "எங்க வீட்டைச் சிலுப்பி கேலி பண்ணிட்டுப் போனா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட குடும்பங்கள் எத்தனை! உங்களில் சிலருடைய அப்பா அம்மாவும் அதில் உண்டு.

ஒரு மழைக்காலத்தில் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. பிள்ளையில்லாத அத்தை பாவைப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க விருப்பமில்லை. வருஷம் திரும்பியதும், தொந்தியப்புக்கும் தானே குரல் கொடுத்து ஆடுகிறேன் என்றாள். கூடக் கூத்தாடுகிற ஆட்களும் சரி என்றார்கள். மறுத்தவர் என் அப்பா. அவரும் அதே திரைக்குப் பின்னால் வளர்ந்தவர்தான். ஆனால் புகையிலைக் கிட்டங்கியில் கணக்குப் பிள்ளை ஆகி, வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு அந்த ஞாபகமே பிடிக்காது.

"தாலியறுத்தவ உக்காந்து புருசன் பொண்டாட்டிச் சண்டைய ஆடுனா ஊரு காறித் துப்பும்க்கா" என்றார்.

"எந்த ஊருடா? நான் திட்டாத ஊரு எது இருக்கு? அவுகளுக்கு எங்கிட்டப் பேச வாய் இருக்குல்ல, அவுக சொல்லட்டும்."

"சொன்னாக் கேளு. எனக்கும் பொட்டப்புள்ள இருக்கு."

அந்தப் பொட்டப்பிள்ளை நான். என் கல்யாணத்தைக் காரணம் காட்டி அத்தையின் வாயை அடைத்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கல்யாணமே வேண்டாம், சிலுப்பிதான் வேண்டும் என்று சொல்லியிருப்பேன். இன்று யோசித்தால் எரிச்சலாக வருகிறது. ஊர் எதிர்க்கும் என்று அப்பா பயந்தாரே, ஊரில் ஒருவரைக்கூட அவர் கேட்டுப் பார்க்கவில்லை.

பெட்டி அத்தையின் கட்டிலுக்கடியில் போனது. பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலை போட்டு வைப்பாள். அவ்வப்போது பாவைகளை வெளியே எடுத்து நிழலில் பாய் விரித்துப் பரப்புவாள். பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வரும் நாற்றத்தையும் மீறி எண்ணெய்ப் புகையும் காய்ந்த வேப்பிலையுமாக ஒரு வாசனை எழும். பாயைக் காக்கை நெருங்கினால் மட்டும், "ஏலே கருப்பா, ஓம் பொண்டாட்டி எங்கடா?" என்று சிலுப்பி குரலில் அதட்டுவாள். காக்கை பறந்துவிடும். நான் ஓடிவந்து "இன்னொருக்க, அத்தை, இன்னொருக்க" என்று கெஞ்சினால் அம்மா இருக்கும் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டி உதட்டில் விரலை வைப்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் எங்கள் தெருவுக்குள் கார் வந்தது. இறங்கியவர் மெட்ராஸில் படம் எடுக்கும் முதலாளி. பிறந்தது எரியோட்டுப் பக்கம். வாசலில் நின்றே, "சிலுப்பி அக்கா இருக்காங்களா?" என்று கேட்டார். சின்ன வயதில் மூக்கொழுகிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். சிலுப்பி அந்த மூக்கைப் பிடித்துக்கொண்டாளாம். பதில் சொல்லத் தெரியாமல் அழுதுவிட்டாராம். இதைச் சொல்லும்போது சிரித்தார், கண்ணும் கலங்கியது. அந்த மனிதருக்கு நிஜமாகவே சிலுப்பி மேல் ஆசை இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். பிடிக்காதவன் கெடுத்தால் போனால் போகிறது என்று விட்டுவிடலாம்.

"குடும்பத்தோட எல்லாரும் பாக்குற மாதிரி ஒரு சிரிப்புப் படம்க்கா, பாட்டும் கூத்துமா. ஒரு வீட்டுச் சண்டையச் சிலுப்பியும் தொந்தியப்புவும் பாவைப் பெட்டியில இருந்து எந்திரிச்சு வந்து தீத்து வைக்கிறாங்க. அவுகளுக்கு மறுபடியும் உசுரு குடுக்கணும்க்கா."

அப்பா காபி வாங்கி வர ஆள் அனுப்பினார். மறுப்பு எதுவும் சொல்லவில்லை. "சினிமான்னா அது வேற" என்றார். எங்கள் ஊர் பார்த்தால் போய்விடும் மானம், நாடே பார்த்தால் போகாதாம்! கார் நின்ற வீட்டுக்கு மானம் தானாக வந்து சேரும் என்று நினைத்தாரோ என்னவோ.

அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கொரலு நான்தான குடுப்பேன்?"

"நீங்க இல்லாமச் சிலுப்பி ஏதுக்கா?" என்றார் முதலாளி.

பணத்தைப் பற்றி நான் குறை சொல்ல வரவில்லை. பேசியதைக் குறைவில்லாமல் கொடுத்தார்கள். அத்தை அதைக் கையில்கூட வாங்கவில்லை, அப்பாதான் வாங்கினார். அவளுக்கு வேண்டியது அந்தக் குரல் மறுபடி நாலு பேர் காதில் விழ வேண்டும் என்பதுதான். அந்த வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

சில நாள் கழித்து ஒலிப்பதிவு மெஷினோடு வந்து பயணியர் பங்களாவில் தங்கினார்கள். என்னையும் கூட்டிக்கொண்டுதான் அத்தை போனாள். வசனம் எழுதுகிறவர் ஒருவர் வந்திருந்தார். கண்ணாடிக்காரர், சிரிக்காத முகம். அவர் தாளை நீட்ட, எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, நானா பேசிக்கிடுவேன் என்றாள் அத்தை. சரி பேசுங்க என்று மைக்கைக் காட்டினார்கள். அத்தை சுவரைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள்.

"எதுத்தாப்புல ஆளு வேணும்ங்க. ஆருன்னு தெரியாம ஆரக் கேலி பண்றது?"

முதலாளி ஆசையாக நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். அத்தை சிலுப்பியைக் கையில் எடுத்தாள். தலையை ஒரு சிலுப்பு. "ஏலே அப்பு! மெட்ராசுக்குப் போயும் மூக்கச் சிந்தப் படிக்கலையா?"

அத்தனை நாள் அடைபட்டுக் கிடந்த குரல் அப்படியே வந்தது. முதலாளி துள்ளி எழுந்தார். "அன்னைக்கு ஒழுகுன மூக்குதான் தாயி இன்னைக்கு ஒன்ன மோப்பம் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கிது!"

"தோத்தேன் அப்பு!" சிலுப்பி குனிந்தாள். மெஷின்காரர் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தையும் சிரித்தாள். மாமா போனபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணாடிக்காரர் மட்டும் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

குரலைப் பிடித்தாகிவிட்டது என்றார்கள். பாவைகளை ஒரு பழைய சுங்கிடிச் சேலையில் சுற்றி, குழந்தையைக் கொடுப்பதுபோலக் கொடுத்தனுப்பினாள் அத்தை. படம் முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். சேலையும் வரவில்லை, பாவைகளும் வரவில்லை. எந்த ஸ்டூடியோவின் எந்த மூலையில் எலி தின்றதோ.

அதற்கப்புறம் அத்தையைக் கையில் பிடிக்க முடியவில்லை. குழாயடியிலும் கடையிலும் அதே பேச்சு. "படம் வரட்டும், ஏங் கொரலக் கேட்டுப்புட்டுச் சொல்லுங்க." போஸ்டர் ஒட்டினார்கள். கதாநாயகனும் கதாநாயகியும் ஸ்கூட்டரில் போக, அவர்கள் காலுக்குக் கீழே ஓரத்தில் சிலுப்பி ஒட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம், கவிழ்ந்த கண். எனக்கு அப்போதே என்னவோபோல இருந்தது. அத்தை, "படம் வரையிறவனுக்கு என்ன தெரியும்? வாயத் தொறந்தாத்தான அவ சிலுப்பி" என்றாள்.

டூரிங் கொட்டகையில் முதல் ஆட்டத்துக்கு வீட்டோடு போனோம். காறித் துப்புவார்கள் என்று சொன்ன அப்பா அன்று இஸ்திரி போட்ட சட்டையோடு, தெருக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். ஆண்கள் பக்கம் அவர் போக, அம்மாவும் அத்தையும் நானும் பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தோம்.

படம் நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஓரகத்திகள் இருவரும் ஒரே அடுப்பில் இரண்டு குழம்பு வைக்கும் காட்சியில் நானும் சிரித்தேன். பிறகு பாவைப் பெட்டி திறந்தது. சிலுப்பி எழுந்து வந்தாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அவள் சிவப்புச் சேலை அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. தலையைச் சிலுப்பவில்லை, மெதுவாகச் சாய்த்தாள். வாயைத் திறந்தாள். வெல்லப்பாகு போல ஒரு குரல் வந்தது.

அத்தை என் பக்கம் குனிந்தாள். "இது வேற ஆளுடி. ஏங் கொரலு பின்னால வரும்போல."

சிலுப்பி வந்தபோதெல்லாம் அத்தை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் அதே வெல்லப்பாகுதான் வந்தது. இடைவேளையில் அம்மா முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். அத்தை கையில் வாங்கி வைத்துக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது. வேறு யாரோ பேசுகிறார்கள். இந்தச் செய்தியை ஒரு கார்டு போட்டுச் சொல்லக்கூட அந்த எரியோட்டுக்காரருக்கு மனசு வரவில்லை.

இடைவேளைக்குப் பிறகுதான் அது நடந்தது. வீட்டுச் சண்டை தீர வேண்டுமே, அதனால் சிலுப்பி தொந்தியப்பு காலில் விழுகிறாள். எழுந்து, வெட்கப்பட்டுக்கொண்டு சொல்கிறாள்: "இப்படித்தாங்க ஒருத்தி, வாய் ஓயாமப் பேசியே புருஷனைத் தின்னுட்டு இப்ப மூலையில உட்கார்ந்திருக்கா. எனக்கெதுக்குங்க அந்தப் பேச்சு?"

கொட்டகை குலுங்கிச் சிரித்தது. நீங்களும் அங்கே எங்கேயாவது இருந்திருப்பீர்கள், சிரித்திருப்பீர்கள். அந்தக் கண்ணாடிக்காரர் அத்தையை நினைத்து எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. பொதுவாக எழுதியிருப்பார். பொதுவாக எழுதிவிட்டால் குத்தாமல் போய்விடுமா? மாமாவோடு குங்குமமும் போன நெற்றியோடு அங்கே ஒருத்தி உட்கார்ந்திருந்தாளே!

அத்தை எழுந்து நின்றாள்.

சிலுப்பி கேலி பேசினால் கேலிக்கு ஆளானவர் எழுந்து நிற்க வேண்டும், சிலுப்பி காத்திருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் அவள் பார்த்தது அதைத்தான். திரை என்றால் அவளுக்கு அதுதான் திரை. அதற்குப் பின்னால், எதிரில் நிற்பவரின் பேச்சைக் கேட்கிற ஆள் இருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிலுப்பியின் நிஜமான குரலில் கேட்டாள்.

"அடியே சிலுப்பி! எம் புருசனக் காய்ச்சல் தின்னுச்சு. ஒன்ன எவன்டி தின்னான்? சொல்லு, கேட்டுப்புட்டு உக்காருறேன்."

நியாயமாக மிருதங்கம் நிற்க வேண்டும். அதற்கு மாறாக அப்போதுதான் பாட்டு ஆரம்பித்தது. ஆமாம், நீங்கள் முனகுகிறீர்களே, அதே பாட்டு. அத்தை பதிலுக்காக நின்றாள். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி சிலுப்பியின் முறை. சிலுப்பியோ கதாநாயகியோடு சேர்ந்து கும்மி அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உக்காரும்மா! மறைக்கிது!"

"ஆரு அந்தப் பொம்பள? பைத்தியமா?"

நாலு பக்கமும் கத்தினார்கள். விசில் அடித்தார்கள். அம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "அக்கா, மானத்த வாங்காத, உக்காரு!"

அத்தை உட்காரவில்லை. பாட்டு முழுவதும் நின்றாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கொட்டகையையே கொளுத்தலாம் போலிருந்தது. ஒவ்வொரு ஊரிலும் அந்தக் குரலிடம் திட்டு வாங்குவதற்காக வண்டி கட்டிக்கொண்டு வந்த ஜனம், அதே குரல் காதில் விழுந்தும் அடையாளம் தெரியாமல் உட்காரச் சொல்கிறதே! பாட்டு முடிந்தது. சிலுப்பி கும்பிடவில்லை. அத்தை மணலைத் தாண்டி வெளியே நடந்தாள், நான் பின்னாலேயே ஓடினேன்.

வெளியே சோடாக் கடையருகில் நாங்கள் போகும்போது ஒருவர் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார்.

"யக்கா, செத்த நில்லுங்க. நீங்க சிலுப்பியக்காவா? இப்பத்தான் உள்ள சொன்னாக. நான் சித்தையன்கோட்டைக்காரன். எங்கூருல நீங்க என்னையக் கேலி பண்ணி, நான் எந்திரிச்சு மறுசொல் சொன்னேன்க்கா. இன்னைக்கும் அதச் சொல்லிச் சிரிப்பாக." தலையைச் சொறிந்தார். "ஒங்களத் தெரியாம நானும் உக்காருன்னு கத்திப்புட்டேன். ஆருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா?"

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வாயத் தொறந்துதானய்யா சொன்னேன்."

உள்ளே மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். "சரிக்கா, வாரேன்" என்று சொல்லிவிட்டு, மிச்சப் படத்தைப் பார்க்க உள்ளே போனார்.